டம்ளரில் படாத வாய்

ஹாம்பர்க் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் அலுவலகத்தில் நான் தண்ணீர் குடித்தால் வேடிக்கை பார்க்க இரண்டு பேராவது நிற்பார்கள். பாட்டிலைத் தூக்கி, உதட்டில் படாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் கைதட்டியே விட்டாள். “இது யோகாவா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். வேறென்ன சொல்வது? அடுத்த அறையில் என் வேலையே உறிஞ்சுவதுதான். கப்பலில் வந்திறங்கும் காப்பிக்கொட்டையை வறுத்து, அரைத்து, வெந்நீர் ஊற்றி, வரிசையாகக் கோப்பைகளில் வைப்பார்கள். நாங்கள் ஐந்தாறு பேர் அதே கோப்பைகளில் கரண்டியை விட்டு, வாயில் வைத்துச் சத்தமாக உறிஞ்சி, துப்பிவிட்டு, தரம் எழுதுவோம். அந்த அறைக்குள் எனக்கு எச்சில் கிடையாது. வெளியே வந்தால் பாட்டில் தானாக மேலே போய்விடுகிறது.

எண்பதுகளின் நடுவில், வேளாண்மைக் கல்லூரியின் கடைசி ஆண்டில், இரண்டு மாதக் கோடைப் படிப்புக்காக இந்த ஊருக்கு வந்தேன். ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் போய், அதற்கப்புறம் நடந்து சேரவேண்டிய மாரமங்கலத்திலிருந்து கிளம்பியவள். காப்பிச் செடிக்கு நடுவே வளர்ந்தவளுக்குக் காப்பிப் படிப்பு என்ன பெரிய வித்தை என்ற மிதப்பும் இருந்தது. முதல் வாரமே அது இறங்கிவிட்டது. மூன்று கோப்பைகளில் இரண்டு ஒரே காப்பி, ஒன்று வேறு. அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மற்ற மாணவர்கள் கரண்டியை உறிஞ்சினார்கள். நான் கரண்டியை உயரத் தூக்கி வாய்க்குள் ஊற்றினேன். காப்பி நேராகத் தொண்டைக்குள் போயிற்று. மணமும் இல்லை, ருசியும் இல்லை. வாரத்துக்கொரு தேர்வு. ஏழு தேர்வில் ஏழிலும் கோட்டை விட்டேன்.

தேறினால் துறைமுகத்தில் பயிற்சி வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் ஊரில் எனக்கு இருந்தது ஒரே இடம், எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த எஸ்டேட். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம். விளைந்ததை அங்கேதான் கொண்டுபோய்ப் போடுவார். எஸ்டேட் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் ரைட்டரிடம் சொல்லி எனக்கும் அங்கே ஒரு கணக்குப்பிள்ளை வேலை பார்த்து வைத்திருந்தார். அந்த ஆபீஸின் பின்வாசலில் மறுபடி போய் நிற்க என்னால் முடியாது.

ஏழு வயதில் அப்பாவோடு முதல்முறை அங்கே போனேன். எங்களைப் போன்ற மலைக்காரர்களுக்குப் பின்வாசலில்தான் காப்பி. கூரை வாரையில் செருகி வைத்திருந்த அலுமினிய டம்ளரை அப்பா எடுத்துக் கழுவி நீட்டுவார். சமையல்காரர் மேலேயிருந்து ஊற்றுவார். அதை அண்ணாந்து குடிக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. வாய் வைத்துவிட்டேன். அப்பா டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே, “தெரியாமப் பண்ணிப்போட்டாளுங்க, நானே கழுவி வெச்சுடறனுங்க,” என்று ரைட்டரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகிற வழியில் என்னை அடிக்கவில்லை. “நம்ம வாயி அவிய டம்ளர்ல படக்கூடாது கண்ணு,” என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

ஏழாவது தேர்வு முடிந்ததும் ஆசிரியை ஃப்ராவ் லிண்டே என்னைத் தனியே கூப்பிட்டார். கூட இருக்கும் மாணவர்கள் வருத்தப்படுகிறார்கள் என்றார். “நாங்கள் அசுத்தம் என்று நினைக்கிறாயா?” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இல்லை, நீங்கள் சுத்தம், எல்லாரும் சுத்தம்,” என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னேன். “பிறகு யார்தான் அசுத்தம்?” என்றார். நான்தான் என்ற பதில் வாய்வரை வந்தது. சொன்னால் அப்பாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே. தலையைக் குனிந்து கரண்டியைத் துடைத்தேன். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். “கடைசித் தேர்வு திங்கட்கிழமை. அதில் தேறினால் போதும்,” என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விடுதி அறையில் ஒரு கரண்டியோடு உட்கார்ந்திருந்தேன். செத்துப்போகலாமா என்றுகூடத் தோன்றியது. இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது. தனியாக இருக்கும்போது உறிஞ்ச முடிந்தது. அடுத்தவர் கோப்பை என்று நினைத்ததும் கை மேலே போயிற்று.

திங்கட்கிழமை எனக்கு முன்னால் நின்ற டேனிஷ் பையன் உறிஞ்சிவிட்டு நகர்ந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு கரண்டியைக் கோப்பையில் விட்டு, உதட்டில் வைத்து, உறிஞ்சினேன். யாராவது கத்துவார்கள் என்று தோள் குறுகியது. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம்தான் வாயில் இருப்பது தெரிந்தது. ஆரஞ்சுத் தோல் வாசம், அதன் பின்னால் மிளகுக் கொடியின் காரம். எங்கள் தோட்டத்து வாசம். மூன்றில் வேறாக இருந்தது அதுதான், ஏற்காட்டுக் காப்பி என்று பிறகு சொன்னார்கள். நல்ல பழத்தையெல்லாம் எஸ்டேட்டுக்குப் போட்டுவிட்டு, கழித்த கொட்டையை வெல்லம் போட்டுக் குடித்த குடும்பம் எங்களுடையது. எங்கள் மலைக் காப்பியை நான் முதன்முதலாக ருசித்தது அன்றைக்கு அங்கே. தேறிவிட்டேன். பயிற்சி, வேலை, பதவி உயர்வு எல்லாம் அந்த ஒரு வாயிலிருந்து வந்தவை.

பத்து வருடம் கழித்து ஊருக்குப் போயிருந்தபோது அதே எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்தது, தங்கள் காப்பியை ருசி பார்த்துச் சொல்ல வேண்டுமென்று. அப்பாவும் கூட வந்தார். நான் முன்வாசல் வழியாகப் போனேன். வயதாகிவிட்ட ரைட்டர் எழுந்து நின்று, “உக்காருங்கம்மா,” என்றார். அப்பா வழக்கம்போலச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டார். “உள்ள வாங்கப்பா,” என்றேன். “நீ குடி கண்ணு, எனக்கு இங்கயே குடுத்துருவாங்க,” என்றார். பூப்போட்ட பீங்கான் கோப்பையைச் சாஸரில் வைத்து நீட்டினார்கள். எங்கள் அறையில் செய்வதுபோலவே வாய் வைத்துச் சத்தமாக உறிஞ்சினேன்.

சத்தம் கேட்டு அப்பா உள்ளே ஓடிவந்தார். என் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கினார். “தெரியாமப் பண்ணிப்போட்டாளுங்க,” என்று சொல்லிக்கொண்டே குழாயடிக்குப் போனார். ரைட்டர், “இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க,” என்றாரே தவிர, எழுந்து தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. அப்பாவின் பின்னால் போய்ப் பக்கத்தில் நிற்கவுமில்லை, திரும்பி நாற்காலியில் உட்காரவுமில்லை. இரண்டு வாசலுக்கும் நடுவில், வெறும் சாஸரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மூன்றாவது தடவையாகக் கழுவிக்கொண்டிருந்தார்.