தொடரில் வந்தவனும் வீட்டுக்கு வந்தவரும்

என் மகள் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாகச் சொன்ன வாரம்தான் நான் அந்தத் தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் சொன்னவருக்கு விளம்பரக் கம்பெனியில் வேலை. அது என்ன பிழைப்பு என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலத்துப் பம்பாய் விளம்பரக் கம்பெனி ஒன்றின் கதையைத் தமிழில் பேச வைத்து டிவியில் போடுகிறார்கள் என்றார்கள். சரி, பார்த்துத் தெரிந்துகொள்வோம் என்று உட்கார்ந்தேன்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் விசாரிக்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவள் என்று முத்தியால்பேட்டையில் எனக்குப் பெயர். ஒரே ஒரு தடவைதான் விசாரிக்காமல் விட்டேன். மகளின் முதல் கல்யாணம். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளை, மகளும் பிரான்சுக்குப் போய்விடலாம் என்றதும் வாயை மூடிக்கொண்டேன். அங்கே அவனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது.

தொடரில் பெரிய அதிகாரி ஒருவன். தலை மினுமினுக்கும், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. சோப்பு விற்க வேண்டுமென்றால் முதலில் பெண்களிடம், உங்கள் மேல் வாடை வருகிறது என்று பயம் காட்டுவான். அப்புறம் சோப்பை நீட்டுவான். டைப் அடிக்கிற பெண்ணைக் கெட்டிக்காரி என்று புகழ்வான். அவள் சொன்ன யோசனையை மறுநாள் தன்னுடையதாகச் சொல்வான். முதலாளிக்கு எல்லாம் தெரியும், லாபம் வருகிறவரை தெரியாத மாதிரி இருப்பான். அந்த ஆபீசில் ஒருத்தரும் கத்துவதில்லை. சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

மகளுக்கு அந்த அதிகாரியைப் பிடித்திருந்தது. "பாவம்மா, உள்ளுக்குள்ள ஏதோ வலி இருக்கு அவனுக்கு."

"வலி இருக்கறவன் தைலம் தேய்ச்சிக்கட்டும். எதுக்குடி பொய் சொல்றான்?"

"எங்க பொய் சொன்னான்? காட்டு பாப்போம்."

அங்கே மாட்டிக்கொண்டேன். உண்மையில் அவன் பொய்யே சொல்வதில்லை. நேற்று எங்கே இருந்தீர்கள் என்று மனைவி கேட்டால், "இந்தப் புடவையிலதான் உன்னை முதல்முதலா பார்த்தேன்" என்பான். அவள் உருகிவிடுவாள். கேள்வி அப்படியே கிடக்கும். இதைப் பிடிக்க எனக்குப் பத்து நாள் ஆனது. மகளிடம் சொன்னேன். "உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்" என்று எழுந்து போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் கட்டிக்கொள்ளப்போகிறவர் நெல்லித்தோப்பிலிருந்து வந்தார். அவருக்கும் இது இரண்டாம் கல்யாணம், விவாகரத்து ஆகிவிட்டது என்று மகள் சொல்லியிருந்தாள். இட்லியும் வடகறியும் வைத்தேன்.

"தம்பி, முதல் சம்சாரம் ஏன் பிரிஞ்சி போனாங்க?"

"அம்மா, வடகறிக்குச் சோம்பு வறுத்துப் போட்டீங்களா? எங்கம்மா கை மாதிரியே இருக்கு."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் வடகறியை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. இன்னும் இரண்டு கரண்டி போட்டபிறகுதான் சுரீர் என்றது. மறுபடி கேட்டேன்.

"உங்கள மாதிரி ஒரு அம்மா பக்கத்துல இருந்திருந்தா எதுவுமே ஆயிருக்காதும்மா."

மகளுக்குக் கண் கலங்கியது. நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"என்னை விடுங்க தம்பி. சம்சாரத்தைக் கேட்டேன்."

"ஏம்மா, இது என்னா போலீஸ் ஸ்டேஷனா?" என்றாள் மகள்.

அவர் சிரித்தார். "பெரியவங்க, கேக்கட்டும். உங்க வீடு எவ்ளோ காத்தோட்டமா இருக்கு…"

மகளின் முகம் மாறிவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை நாளும் அவளும்தானே அந்தத் தொடரைப் பார்த்தாள்.

"அம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள்.

அவர் இட்லியைப் பிய்த்தபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "கேஸ் இன்னும் முடியல. அவங்க இப்ப அவங்கம்மா வீட்டுல இருக்காங்க."

"முடிஞ்சிட்டுதுன்னு எங்கிட்ட சொன்னீங்களே?" என்றாள் மகள்.

"முடிஞ்ச மாதிரிதான்."

"முடிச்சிட்டு வாங்க."

கை கழுவிக்கொண்டு, என்னிடமும் சொல்லிக்கொண்டுதான் போனார். மகள் தட்டை எடுத்தபடி, "இப்ப உனக்குச் சந்தோஷமா?" என்று கேட்டாள்.

"ஆமாண்டி. இன்னொரு தடவை ஏமாறல இல்ல?"

"அவரு கெட்டவரு இல்லம்மா."

"கெட்டவருன்னு நான் சொன்னேனா?"

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறாள். கோர்ட்டில் தேதி கொடுத்துவிட்டார்கள் என்று அவர் போனில் சொன்னாராம். காகிதத்தைக் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன். வந்தால் கேட்க இன்னும் இரண்டு கேள்வி வைத்திருக்கிறேன்.