பூட்டிய கேட்டுக்கு முன்னால்

நாகராஜ் போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் கேன்டீன் சப்ளையர். தட்டில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "சார், நம்ம மத்திகிரி நாகராஜண்ணன் காலையில தவறிட்டாராம். நெஞ்சுவலின்னாங்க," என்றார். பக்கத்து மேசைக்காரர், "யாரு, அந்தப் பைத்தியமா?" என்று கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஓசூரில் பாதிப் பேருக்கு நாகராஜை அந்தப் பெயரில்தான் தெரியும். நான்தான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மூக்கண்டப்பள்ளியில் நம் நாடகக் குழுவில் இருந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதியவர்களுக்காகச் சொல்கிறேன். வாரமெல்லாம் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. வசனம் மறந்தால் கன்னடத்தில் சமாளிப்பார். கேட்டால், "வசனந்தான சார் மறந்துச்சு, கோவம் மறக்கலயே," என்பார். நான் மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். உச்சரிப்பு விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. அவரைப் பின்வரிசையிலேயே நிறுத்தி வைத்திருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் பெங்களூரிலிருந்து ஓர் இயக்குநர் வந்து, பர்கூர் பக்கம் மூடிக்கிடந்த கிரானைட் கொட்டகையில் படம் எடுத்தார். கூட்டத்தில் நிற்க நம் குழுவிலிருந்து ஆள் கேட்டார்கள். கதை இதுதான்: ஒரு கம்பெனியை மூடிவிடுகிறார்கள். ஒரே ஒரு தொழிலாளி மட்டும் அதை நம்பாமல், தினமும் சீருடை மாட்டிக்கொண்டு வந்து கேட்டில் நிற்கிறான். புத்தி பேதலித்துப்போன அவனைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. நாமும் சிரிக்கிறோம், சிரித்ததற்காகப் பிறகு உறுத்துகிறது. அப்படிப்பட்ட படம்.

அந்த வேடத்துக்கு வந்த நடிகர் பர்கூர் வெயிலில் சுருண்டு படுத்துவிட்டார். வெளிச்சம் பார்ப்பதற்காக நாகராஜைக் கேட்டில் நிற்கச் சொன்னார்கள். நின்றவர், யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் தூக்கினார். ஷிஃப்ட் முடிந்து வெளியே போகும்போது செக்யூரிட்டி தடவிப் பார்ப்பதற்காக நாம் தூக்குவோமே, அப்படி. முகத்தில் பணிவு, கண்ணில் திகில், உதட்டில் ஓர் அசட்டுச் சிரிப்பு. இயக்குநர் குடையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். வேடம் நாகராஜுக்குப் போனது. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படம் ஓசூருக்கு வந்தபோது நாம் மொத்தமாகப் போனோம், நினைவிருக்கிறதா? போலீஸ்காரர் முன்னால் கை தூக்குகிறார். கோயிலில் சாமி முன்னால் தூக்குகிறார், கும்பிட அல்ல, சோதனை போட. வழியை மறித்த பசுவின் முன்னாலும் தூக்குகிறார். அது மோந்து பார்த்துவிட்டு நகர்ந்ததும் "தேங்க்ஸ் சார்" என்று போகிறார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. கடைசிக் காட்சியில் பூட்டிய கேட்டுக்கு முன்னால் கை தூக்கி நிற்கிறார். சோதனை போட ஆளே இல்லை. கைகள் நடுங்குகின்றன, இறக்க மாட்டேன் என்கிறார். தியேட்டரில் சிரிப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டு அடங்கிப்போனது. அந்தக் கண்களை நான் எந்தப் பெரிய நடிகரிடமும் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு மாலையும் வாங்கிக்கொண்டு மத்திகிரிக்குப் போனேன். விசாரித்துக் கண்டுபிடித்து, அவருடைய வாடகை வீட்டுக் கதவைத் தட்டினேன். வயதில் மூத்த ஒருவர் திறந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தூக்கினார். அதே பணிவு, அதே திகில், அதே அசட்டுச் சிரிப்பு. வீட்டிலும் படத்தை நடித்துப் பார்க்கிறார்களாக்கும் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன். கையும் தட்டினேன். "பிரமாதம்ணே, அப்படியே நாகராஜ் மாதிரியே பண்றீங்க," என்றேன். அவர் கையை இறக்கவில்லை.

உள்ளேயிருந்து நாகராஜ் வந்தார். கை தூக்கி நின்றவருடைய சட்டைப்பையையும் இடுப்பையும் மெல்லத் தடவி, "ஏனூ இல்ல, ஹோகு," என்றார். ஒன்றுமில்லை, போ. பெரியவர் கையை இறக்கிக்கொண்டு உள்ளே போனார். "எங்கண்ணன், சார். முனிராஜு," என்றார் நாகராஜ். மாலை என் கையிலேயே இருந்தது.

முனிராஜும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர்தான். அங்கே கேட்டிலிருந்த கன்னடக்கார வாட்ச்மேன் தினமும் தடவிப் பார்த்துவிட்டு அந்த வார்த்தையைச் சொல்லி அனுப்புவார். ஒருநாள் சாப்பாட்டுப் பையில் ஒரு பித்தளைத் துண்டு கிடைத்தது. யார் போட்டார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. தூக்கிய கையோடு நாள் முழுக்க எல்லார் கண்ணிலும் படும்படி நிறுத்தி வைத்தார்கள். அன்றைக்கு அவரிடம் யாரும் போ என்று சொல்லவில்லை. "இன்னும் அங்கியேதான் சார் நிக்கறாரு," என்றார் நாகராஜ்.

படத்துக்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் முனிராஜைப் பார்த்தால் வரிசையாகக் கை தூக்கிக் கேலி செய்தார்கள். அவரோ, பாவம், இவர்களும் கேட்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்து, ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்து, "ஏனூ இல்ல, ஹோகு," என்று விடுவித்தார். அவர்கள் இன்னும் சிரித்தார்கள். டீக்கடையில் நின்று அதைப் பார்த்த நாகராஜ் அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை. பெங்களூரிலிருந்து இரண்டு முறை ஆள் வந்தும் மறுத்துவிட்டார். "கலைன்னா இதெல்லாம் இருக்கும் நாகராஜ்," என்று நான் பெரிய மனிதன் மாதிரி சொன்னேன். "எங்கண்ணனுக்கு அத எப்படி சார் சொல்லிப் புரியவெக்கிறது? என்னப் பாத்தா சிரிச்சாங்க? அவரப் பாத்துதான சிரிச்சாங்க. நான் கூட்டிட்டுப் போயி நிறுத்திட்டேன்," என்றார்.

அண்ணனுக்காகவே ஷிஃப்ட் மாற்றிக்கொண்டார். தினமும் சாயங்காலம் அவரைக் கையைப் பிடித்து நடத்திப்போவார். எதிரில் வருகிறவர் முன்னால் முனிராஜ் கை தூக்கினால், "கொஞ்சம் தொட்டுப் பாத்துச் சொல்லிடுங்க," என்று நாகராஜ் கேட்டுக்கொள்வார். காய்காரம்மா செய்வார். பஸ் கண்டக்டர் செய்வார். நான் தூரத்தில் அவர்களைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவேன். அந்த முகத்துக்கு நேராக ஒருமுறை சிரித்தவன் நான். மறுபடி எப்படி நிற்பது? இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

சாவு வீட்டுக்குப் போனோம். வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். முனிராஜை அழைத்து வந்தபோது, இத்தனை கூட்டத்தைப் பார்த்துக் கை தூக்கிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தம்பியிடம் போனார். குனிந்து சட்டைப்பையைத் தடவினார், இடுப்பைத் தடவினார். கட்டியிருந்த கட்டைவிரல்களையும் தொட்டுப் பார்த்தார். "ஏனூ இல்ல, நாகு," என்றார். "ஹோகு."

பைத்தியம் என்று சொன்ன பக்கத்து மேசைக்காரரும் அங்கே நின்று அழுதார்.

நாகராஜிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வார்த்தையைத்தான். இனி அதைச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. போன ஞாயிறு மத்திகிரிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். முனிராஜ் திறந்தார், கைகளைத் தூக்கினார். தடவிப் பார்த்துச் சொன்னேன். கையை இறக்கினார். பிறகு நான் என் கைகளைத் தூக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தொட்டுப் பார்க்காமல், ஹோகு என்று விடுவிக்காமல், உள்ளே போய்விட்டார்.