பெருவிரலும் துபாய் பேஸ்ட்டும்

பற்பசை பல் விளக்குவதற்கு. இதை எங்கள் தெருவில் ஒருவருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. யாருக்காவது சுட்டுவிட்டால் பேஸ்ட்டோடு ஓடி வருவார்கள். முன்பு என் முழங்கையில் கொதிகஞ்சி கொட்டியபோதும் அப்படித்தான் அப்பினார்கள். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுத்தார்கள். கஞ்சி சுட்டதற்கு நான் அழவில்லை, சுரண்டியதற்கு அழுதேன். அன்றிலிருந்து சுட்ட இடத்தில் யாராவது பேஸ்ட்டை நீட்டினால் எனக்குக் கோபம் தலைக்கேறும்.

போன வருடம் தம்பிக்கு சவூதியில் வேலை கிடைத்தது. விசாவுக்குக் கைரேகை வைக்க வேண்டும். ரேகை விழாவிட்டால் விசா இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால் வீட்டில் ஏத்தங்காய், அதாவது நேந்திர வாழைக்காய், சிப்ஸ் வறுத்தோம். வேலை பிடித்துக் கொடுத்தவர் லீவு முடிந்து சவூதிக்குத் திரும்புகிறார், அவருக்குக் கொடுத்தனுப்ப. தம்பி இடது கையில் காயைப் பிடித்து, கறை ஒட்டுகிறது என்று முனகிக்கொண்டே தோலை உரித்தான். அதோடு நின்றிருக்கலாம். சிப்ஸ் வேகும்போது கொதிக்கிற எண்ணெயிலேயே உப்புத் தண்ணீர் விடுவது எங்கள் வழக்கம். கரண்டியால் துளியாக விட வேண்டும். இவன் கையால் அள்ளி, போதகர் ஞானஸ்நானம் கொடுப்பதுபோல் தெளித்தான். எண்ணெய் தெறித்து வலது கைப் பெருவிரலையும் பக்கத்து இரண்டு விரல்களையும் பிடித்தது.

"எம்மா, என் ரேகை போச்சே!" என்று கத்தினான். வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

அடுப்பை அணைத்து, அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் உட்கார்த்தினேன். வீங்கும் முன்னால் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, விரல்களின் மேல் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அதற்குள் பக்கத்து வீட்டு மாமி பேஸ்ட்டோடு வந்துவிட்டாள்.

"இது சாதா பேஸ்ட் இல்லட்டி. எம் மவன் துபாய்ல இருந்து கொண்டு வந்ததாக்கும்."

"அப்போ ஒங்க பல்லையே தேயுங்க மாமி. துபாய் மாதிரி மின்னும்."

"எக்கா, ஐஸ் வச்சா?" என்றான் தம்பி.

"ஐஸ் வச்சா உள்ள தோலும் செத்துப்போவும். மிண்டாம இருல."

அம்மா மாடித் தொட்டித் தண்ணீரை நினைத்துப் புலம்பினாள். "ஏட்டி, வெள்ளமெல்லாம் போவுதே!"

"இருவது நிமிசம் விடணும். போட்டும். இவன் சவூதி போய் ஒனக்கு வேற தொட்டி கெட்டித் தருவான்."

தொட்டி தீர்ந்தது. கரண்டும் இல்லை. கிணற்றில் நான் இறைக்க, மாமி ஊற்றினாள், பேஸ்ட்டை இடுப்பில் செருகிக்கொண்டு. நான் வாளியை இறக்கும்போதெல்லாம் அவள் கை இடுப்புக்குப் போகும்.

"மாமி!"

"நான் சேலையாக்கும் சரி பண்ணினேன்."

எரிச்சல் அடங்கியதும் துவைத்த துணியைத் தளர்வாகச் சுற்றி டாக்டரிடம் கூட்டிப்போனேன். மேல்தோல்தான் சிவந்திருக்கிறது, நடுவிரல் ஓரத்துக் கொப்புளத்தை உடைக்காதே என்றார். இரண்டு நாளும் அவன் அந்தக் கையை முட்டைபோல் ஏந்திக்கொண்டு திரிந்தான். அம்மா சோறு ஊட்டினாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

கைரேகை வைக்க நானும் கூடப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு வலது கையை மிஷினில் வைத்தான். எல்லா விரல் ரேகையும் விழுந்தது. இடது கையை மிதப்பாக வைத்தான். ஒன்றும் விழவில்லை. துடைத்து வைத்தும் விழவில்லை. மிஷின் பக்கத்திலிருந்த பெண் அவன் கையைத் திருப்பிப் பார்த்து, கழுவிவிட்டு வரச் சொன்னாள். விரலெல்லாம் கறுப்பாக ஏத்தங்காய்க் கறை. இரண்டு நாளாக அந்தக் கையை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

"என்னதுல இது?"

"ஒரு கைய வச்சு அதே கையத் தேய்க்க முடியுமா எக்கா?"

கடையில் தேங்காய் எண்ணெய் வாங்கித் தேய்த்தேன். பாதிதான் போனது. அம்மாவுக்கு போன் போட்டேன். மாமி பிடுங்கிப் பேசினாள்.

"பேஸ்ட் போட்டுத் தேயிட்டி."

போனை வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பேஸ்ட் வாங்கித் தேய்த்தேன். கறை போனது, ரேகை விழுந்தது, தம்பி சவூதி போய்ச் சேர்ந்தான்.

எண்ணெயிலேயே கறை போய்விட்டது என்றுதான் மாமியிடம் இன்றுவரை சொல்லி வருகிறேன்.