தகர டின் வெந்நீர்

ரப்பர் பாலின் புளித்த வாடையும் ஈர விறகின் புகையும் கலந்து எங்கள் லயத்து வரிசை வீட்டின் பின்பக்கம் எப்போதும் நிற்கும். தாப்பா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டு"க்குப் போய்ப் பேர் கொடுத்து, அடுத்தடுத்த நிரைகளில் பட்டை கீறிப் பாலுக்கு மரம் வெட்டி, ஒரே மாதிரி வாளிகளில் பால் சுமந்து, ஒரே வாடையோடு வீடு திரும்புவார்கள். வாசலைத் தாண்டியதும் அப்பா துண்டை எடுப்பார்; அம்மா அரிசி களைவார். பள்ளி விட்டு வந்ததும் தகர டின்னில் வெந்நீர் போடுவது என் வேலை. அது முதலில் அப்பாவுக்கு, பிறகு திடலில் பந்து உதைத்துவிட்டு வரும் அண்ணனுக்கு. அடியில் ஏதாவது மிஞ்சினால் அம்மாவுக்கு. பெரும்பாலும் மிஞ்சாது.

மழைக்காலத்தில் ஒரு நாள் அம்மா காய்ச்சலோடு வேலைக்குப் போய், தொப்பலாக நனைந்து, பல் தந்தியடிக்க வந்து சேர்ந்தார். பன்னிரண்டு வயதுக்காரி நான் குளியலறை வாசலில் கையை விரித்து நின்றுகொண்டேன்.

"அம்மா மொதல்ல குளிக்கட்டும்ப்பா. அதுவுந்தானே மரம் வெட்டிட்டு வருது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அடித்தது அம்மாதான். "ஆம்பள குளிக்காம நமக்கென்னாடி அவசரம்? வாய் நீண்டு போச்சு ஒனக்கு!"

முதுகு எரிந்தது. அதைவிட, வரிசையின் கடைசியில் தன்னோடு என்னையும் நிறுத்திக்கொண்டாரே என்றுதான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. பழந்துணியால் டின்னைப் பிடித்து அப்படியே சாக்கடையில் கவிழ்த்தேன். அன்று வீட்டில் எல்லாருக்கும் பச்சைத் தண்ணீர். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

மறுநாள் அப்பா இன்னொரு டின் கொண்டுவந்து வைத்தார். அம்மாவுக்குத்தான் என்று நினைத்து ஓடி ஓடித் தண்ணீர் நிரப்பினேன். அம்மா அதை அண்ணனுக்கென்று ஒதுக்கிவிட்டார்.

அந்தத் தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. லயமும் இல்லை, விறகடுப்பும் இல்லை, அந்த வாடையும் இல்லை. போக வேண்டியது மட்டும் போகவில்லை. ஜெலாப்பாங் டவுனில் என் வீட்டுக் குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டுகிறது, தீர்வதே இல்லை. ஆனாலும் என்னோடு இருக்கும் அம்மா, மாற்றுத்துணியை மடியில் வைத்துக்கொண்டு என் மகனுக்காகக் காத்திருக்கிறார். "தம்பி குளிச்சிட்டு வரட்டும்லா, எனக்கென்னா அவசரம்?"

இன்று காலை அவரைக் கைபிடித்து உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, அன்று போலவே கையை விரித்து நின்றேன். உள்ளேயிருந்து திட்டு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் விழும் சத்தம் வந்தது. மகன் துண்டோடு வெளியே நின்றான்.

நிற்கட்டும்.