செல்லம் வாய் திறந்த நாள்

எங்கள் எஸ்டேட் ஆயாக் கொட்டகையில் செல்லத்தைப் போல ஓர் ஆயாவை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. ரிங்லெட் ஊருக்கு மேலே, மலைச்சரிவை ஒட்டி இருந்தது எங்கள் தேயிலை எஸ்டேட். கொழுந்தெடுக்கும் பெண்கள் பொழுது விடியும் முன்பே பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு மலையேறிவிடுவார்கள். பால் காய்ச்சுவதும் துணி அலசுவதும் என் வேலை. பிள்ளைகள் செல்லத்தின் பாடு. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு என்று அவள் நடமாடுவதைப் பார்த்தால் எனக்கு மலைப்பாக இருக்கும். எனக்கு ஒரு பிள்ளை சிணுங்கினாலே போதும், கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும்.

அத்தனை பிள்ளைகளில் ஒன்று செல்லம் பெற்றது. அது அந்தப் பிள்ளைக்கே தெரியாது.

செல்லத்துக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. தத்தித் தத்தி நடக்கிற வயதில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. மூன்றாவதாகப் பெண் பிறந்ததும், இப்படிப்பட்ட வீடுகளில் செய்கிற வழக்கப்படி, அவளைப் பக்கத்து வீட்டுப் பவளத்துக்கு விற்றுவிட்டாள். விலை ஒரு முறம் தவிடு. மாடு வளர்ப்பவரிடம் வாங்கி வந்த தவிட்டைப் பவளம் கொட்ட, செல்லம் மடியில் ஏந்திக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாள். அன்றோடு அது வேறு வீட்டுப் பிள்ளை. எமன் வந்தாலும் பழைய வீட்டில் தேடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போய்விடுவானாம். பெயரும் குப்பம்மா. குப்பையை யார் திருடப் போகிறார்கள்?

மற்ற வீடுகளில் இதைப் பேருக்குச் செய்வார்கள். தவிட்டை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையைக் கொஞ்சுவார்கள். செல்லத்திடம் அந்தப் பாசாங்கெல்லாம் கிடையாது. தாய்ப்பால் மறந்ததிலிருந்து குப்பம்மா பவளத்தின் வீட்டில்தான் தூங்கினாள். பவளத்தை அம்மா என்றாள். செல்லத்தை, மற்ற பிள்ளைகளைப் போலவே, ஆயா என்றாள். கொட்டகையில் பால் கொடுக்கும்போது அவளுக்குத்தான் கடைசிக் கோப்பை. தலை வாரும்போதும் கடைசி. விழுந்து அழுதால் யார் வீட்டுப் பிள்ளையையோ தூக்குவது போலத் தூக்கி நிறுத்திவிட்டு, செல்லம் அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபத்தொன்பதாம் வருடம் என்று நினைக்கிறேன். அன்று டாக்டர் வருகிற நாள். மாதம் ஒரு தடவை கீழேயிருந்து வந்து, எஸ்டேட் டிஸ்பென்சரியில் பிள்ளைகளைப் பார்ப்பார். அதற்காகப் பிள்ளைகளை வெந்நீரில் துடைத்து, கம்பளிச் சட்டையும் குல்லாவும் மாட்டித் தயார் செய்துகொண்டிருந்தோம். வெளியே பனிமூட்டத்தில் எதிரே வரிசையாக இருந்த லயத்து வீடுகளே தெரியவில்லை. குப்பம்மாவுக்கு அப்போது ஒன்றரை வயது இருக்கும். ஒரு குல்லாவை மாட்டுவதற்குள் இன்னொரு பிள்ளையின் குல்லாவைக் கழற்றியிருப்பாள். என் வாளிக்குள் தன் முகத்தைப் பார்த்து, யார் என்று கேட்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீரைத் தட்டினாள். முகம் கலைந்தது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். முகம் திரும்ப வந்ததும் அவள் கண்ணில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து நான் துணி பிழிவதையே மறந்துவிட்டேன். நானும் தினம்தான் வாளியில் தண்ணீர் பிடிக்கிறேன். இத்தனை பெரிய அதிசயம் அதற்குள் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஆனால் அவளால் ஓட முடியாது. நாலு எட்டு வைத்தால் மூச்சு இரைக்கும். பால் குடிக்கும்போது அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்துவிடும். அன்றும் பாதிக் கோப்பையில் நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினாள். செல்லம் அவள் நெற்றியைத் துடைத்தாள். துடைத்த கையை அப்படியே வைத்திருந்தாள். பிள்ளைக்கு உடம்பு சூடா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் ஒன்றுமில்லாதது போலத் தெரியவில்லை.

டாக்டர் வரும் நாளில் தாய்மார்களுக்கு ஒரு மணி நேரம் விடுவார்கள். மலையிலிருந்து நேராக, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் துணியோடு வந்து வரிசையில் உட்காருவார்கள். பிள்ளைகளை நானும் செல்லமும் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் நம் தமிழர்தான், இளவயது, அதட்டாமல் பேசுவார். குப்பம்மாவின் முறை வந்ததும் பவளம் அவளை மடியில் வாங்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். செல்லம் வேறொரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

குழாயை நெஞ்சில் வைத்ததும் குப்பம்மா வீறிட்டாள். டாக்டர் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு பவளத்திடம் விசாரித்தார். அவள்தானே தாய் என்றார். ஆமாம் என்றாள் பவளம். இதற்கு முன் பிறந்த பிள்ளைகள் எப்படி என்றார். மூன்று பையன்கள், மூன்றும் கல்லுக் குண்டு மாதிரி இருக்கிறான்கள் என்றாள். ஏதாவது பிள்ளை தவறியதா என்று கேட்டார். அப்படியெல்லாம் எங்கள் வீட்டில் இல்லை என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். பவளம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. விலை கொடுத்து வாங்கியவள், தன் வயிற்றுக் கதையைச் சொன்னாள்.

டாக்டருக்கு முகம் லேசாயிற்று. நெஞ்சில் ஏதோ ஒரு சத்தம் கேட்கிறது, அழுகையில் சரியாகப் பிடிபடவில்லை, இந்த வயதுப் பிள்ளைகள் பலருக்கு இப்படி இருப்பதுண்டு, வளர வளரப் போய்விடும் என்றார். சத்துக்கு டானிக் தருகிறேன், அடுத்த வருடம் மறுபடி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்காகத் திரும்பினார்.

செல்லம் இடுப்பிலிருந்த பிள்ளையை என் கையில் திணித்தாள்.

“டாக்டரையா, அவளப் பெத்தது நானு. எனக்கு ரெண்டு பிள்ள செத்துப்போச்சு. ரெண்டுக்கும் பால் குடிக்கையில இப்பிடித்தான் வேர்த்துச்சு.”

தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை இறுக்கிக்கொண்டார்கள். விற்ற பிள்ளையை என்னுடையது என்று பெற்றவளே வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் விற்றது செல்லாது. எமனுக்கு வழி காட்டியது போல ஆகிவிடும். இது எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். பவளம் குப்பம்மாவின் காதைப் பொத்தினாள். அவளும் அந்தப் பிள்ளையை வளர்த்தவள் அல்லவா.

“தவிடு வாங்குன வாயி, மூடிக்கிட்டு இருடி. அவனுக்குக் கேட்டுறப் போவுது.”

“கேட்டா கேக்கட்டும். டாக்டருக்குக் கேக்கணும்.”

இதைச் சொல்லும்போது செல்லத்துக்குக் குரல் உயரவில்லை. எமன் இல்லை என்று நினைக்கிறவள் இப்படிப் பேசுவது பெரிதில்லை. இவள் அவனை முழுக்க நம்பினாள். நம்பித்தான் பெற்ற பிள்ளைக்குக் கடைசிக் கோப்பையைக் கொடுத்தாள். அவள் நெஞ்சில் ஈரமில்லை என்று நினைத்த எனக்கு அந்த ஈரம் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

பவளம் எழுந்தாள். குப்பம்மாவைத் தூக்கி, செல்லத்தை முக்காலியில் உட்காரச் சொல்லிக் கைகாட்டி, அவள் மடியில் வைத்தாள்.

டாக்டர் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். எந்தப் பிள்ளை எப்போது, எப்படி என்று. செல்லம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தன்னைச் சுற்றி என்ன நடந்ததென்று புரியாத குப்பம்மா, அவள் தாலிக்கயிற்றை வாயில் வைத்துக்கொண்டு அடங்கிவிட்டாள். அந்த அமைதியில் டாக்டர் திரும்பவும் குழாயை வைத்தார். நெஞ்சில், முதுகில், தோளுக்குக் கீழே, பிள்ளையைப் படுக்கவைத்து ஒரு தரம். நெடுநேரம் கேட்டார்.

இருதயத்துக்குப் பக்கத்தில், பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ஒரு சின்ன வழி இவளுக்கு மூடவில்லை போலிருக்கிறது என்றார். இதை இனி வருடம் தள்ளிப் பார்க்கக் கூடாது, நாளைக்கே ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கிருந்து கோலாலம்பூருக்கு அனுப்புவார்கள், வெட்டிக் கட்டினால் சரியாகும் என்றார். செல்லம் அழவில்லை. அந்தச் சத்தத்தைத் தானும் கேட்கலாமா என்றுதான் கேட்டாள்.

டாக்டர் குழாயை அவள் காதில் மாட்டினார். செல்லத்தின் கண்கள் அப்படியே நின்றுவிட்டன. பிறகு எனக்கும் பவளத்துக்கும் ஆளுக்கொரு தரம் கொடுத்தார். நானும் கேட்டேன். தூரத்தில் தேயிலை ஃபேக்டரி மெஷின் விடாமல் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். அதற்குள்ளே, அது பாட்டுக்கு, டப்பு டப்பு என்று அந்தச் சின்ன நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. கொட்டகையில் படுத்திருந்தபோதும், வாளித் தண்ணீரைத் தட்டியபோதும், யாரும் கேட்காமல், இப்படித்தானே இது பாடுபட்டுக்கொண்டிருந்திருக்கும். கோயிலில்கூட எனக்கு அப்படிக் கை தானாகக் கூப்பிக்கொண்டதில்லை.

மறுநாள் எஸ்டேட் லோரியில் செல்லம் பிள்ளையோடு இறங்கிப் போனாள். ஆபரேஷன் முடிந்து அவர்கள் திரும்ப மூன்று மாதம் ஆயிற்று. அது வரை பவளம் சரியாகச் சாப்பிடவில்லை. வருகிறார்கள் என்று தெரிந்ததும் லயமே ரோட்டில் வந்து நின்றது. லோரியிலிருந்து குப்பம்மா குதிக்கப் பார்த்தாள். செல்லம் பிடித்து இறக்கியதும் ஓடினாள். நாலு எட்டில் நிற்கவில்லை. பவளத்தின் காலைக் கட்டிக்கொண்டு அம்மா என்றாள்.

பவளம் அவளைத் தூக்கிக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கியதும், நான் இல்லை, அதோ நிற்கிறாளே, அவள்தான் உன் அம்மா, அவளை அம்மா என்று கூப்பிடு என்று காட்டினாள். குப்பம்மா திரும்பிப் பார்த்தாள். செல்லத்தை நன்றாகத் தெரிந்தவள் போலச் சிரித்து, ஆயா என்றாள். எங்களுக்கெல்லாம் சங்கடமாகிவிட்டது. பவளம் மறுபடி சொல்லிக்கொடுக்கப் போனாள். செல்லம் தடுத்துவிட்டாள்.

“விடுலா பவளம். எப்பிடி வேணும்னாலும் கூப்பிடட்டும். என்னக் கூப்பிட ஒரு பிள்ள இருக்கில்ல.”

ஆயா என்று மறுபடி கூப்பிட்டது பிள்ளை. என்னடி என் தங்கமே என்று செல்லம், லயம் முழுக்கக் கேட்கும்படி பதில் குரல் கொடுத்தாள்.