ஹனீபா போட்ட தேதி

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ரவிக்கை தைக்கும் ஹனீபாவுக்குத் தாமதம் என்றாலே ஆகாது. துணியோடு குத்தி வைக்கும் சீட்டில் பெயர், போன் நம்பர், தேதி எழுதிவிட்டால் எழுதியதுதான். வானமே இடிந்து விழுந்தாலும் அன்றைக்கு ரவிக்கை தயாராக இருக்கும். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு தேதியைக்கூட அவர் அடித்துத் திருத்தியதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான், கிளினிக்கில் கொடுத்த மலப் பரிசோதனைப் பெட்டியைப் பதினொரு மாதமாக ஈசூன் வீட்டு ஃபிரிட்ஜ் தலையில் உட்கார வைத்திருந்தார். குழாயில் துளி எடுத்து, உறையிலிட்டு, தபாலில் சேர்த்தால் வேலை முடிந்தது. மனைவி சம்சுன்னிசா தினமும் நச்சரித்தாள்.

"பெருநாள் போகட்டும்" என்றார். அப்புறம், "தீபாவளித் தையல் முடியட்டும்." அடுத்தது சீனப் புத்தாண்டு. அதற்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "தபால்காரரெல்லாம் லீவுல இருப்பாங்க லா." அதற்குள் அடுத்த நோன்பு வாசலில் வந்து நின்றது. சிங்கப்பூரில் சாக்குக்குப் பஞ்சமா?

உண்மை வேறு. அவர் நானா என்று கூப்பிடும் அண்ணன் ஹுசைன் இந்தப் பரிசோதனை தேடும் அதே குடல் புற்றுநோயில் போனவர். டாக்டர் கண்டுபிடித்த ஆறாவது வாரம் மௌத். கண்டுபிடித்ததால்தான் போனார் என்று ஹனீபாவின் மனசு அடம்பிடித்தது.

ஒரு ஞாயிறு காலை சம்சுன்னிசா பெட்டியைப் பிரித்துப் பேனாவை நீட்டினாள்.

"ஒண்ணும் செய்ய வேணாங்க. லேபிள்ல பேரை மட்டும் எழுதுங்க."

பேர்தானே! எழுதினார். பழக்கதோஷம், கை தானாக நம்பரையும் எழுதியது. அதோடு நிற்காமல், மாதிரி எடுத்த நாள் என்ற இடத்தில் அன்றைய தேதியையும் போட்டுவிட்டது.

"ஐயய்யோ" என்றார்.

"அடிச்சிட்டு வேற தேதி போடுங்களேன்" என்றாள் சம்சுன்னிசா, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

ஹனீபாவா அடிப்பார்? லேபிளைக் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குப் போனார்.

பத்து மணிக்கெல்லாம் உறை அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் தபால் பெட்டிக்குள் விழுந்துவிட்டது. மேலே வந்து உட்கார்ந்தவர் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார்: "நானா மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு சம்சு."

அவள் எழுந்து உள்ளே போனாள். அலமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். அவள் பெயருக்குக் கொடுத்தது. பிரிக்கவே இல்லை.

"எப்ப வந்துச்சு?"

"உங்களுக்கு வர்றதுக்கு முந்தியே."

அடிப்பாவி! பதினொரு மாதம் வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் திருப்பிக் கொடுக்க வார்த்தை தொண்டை வரை வந்தது. அவள் பெட்டியின் ஒட்டுத்தாளை நகத்தால் பிரிப்பதும் மறுபடி அழுத்தி ஒட்டுவதுமாக இருப்பதைப் பார்த்தார். விழுங்கிவிட்டார்.

"ரெண்டு பேரும் பயந்தா எப்படிங்க?" என்றாள்.

"முறை வச்சுக்குவோம்" என்றார் ஹனீபா. "இன்னிக்கு நீ பயந்துக்க. நான் தைரியமா இருக்கேன்."