நாலாய் மடித்த காகிதம்

அடுத்தவர் வேலையில் நல்லதென்று ஒன்று என் அம்மாவின் கண்ணில் பட்டதே இல்லை. ஜிப்சம் பலகைச் சுவரில் மூலை பிளந்தாலோ, இணைப்பில் ஒட்டிய டேப் உப்பினாலோ சரிசெய்ய அவளைத்தான் கூப்பிடுவார்கள். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடிப்பாள். அதுவரை யோக்கியமாக நின்ற சுவர் மேடும் பள்ளமுமாகப் பல்லை இளிக்கும். வீட்டுக்காரர்களையும் விடமாட்டாள்.

"கலரு பாக்க மூணு மாசம் அலைஞ்சீங்களாம். செவுரு போட்டவன் யாருன்னு பாக்கலையா?"

பாலத்தருகே ஓர் அடுக்குமாடியில் தொடங்கி, இரண்டு வருடமாக அவள் வாயில் அதிகம் அரைபட்டவன் முகம் தெரியாத ஒருவன். நாங்கள் வைத்த பெயர் காகிதக்காரன். பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் பட்டி மாவு வைத்து அடைக்க வேண்டும். இவன் செய்தித்தாளை நாலாய் மடித்துத் திணித்து, மேலே டேப்பை ஒட்டிவிடுவான். முதல் பூச்சு காயும் முன்பே இரண்டாவது பூச்சு. மாவு பூசும் தகடு இழுத்த தடத்தை வைத்து, இடக்கைக்காரன் என்பதையும் அம்மா கண்டுபிடித்திருந்தாள். அந்தக் காகிதத்தை உருவி வீட்டுக்காரர் கையில் கொடுப்பாள். "இந்தாங்க உங்க செவுரு. படிச்சுக்கங்க."

நான் கட்டிக்கொள்ள நினைத்தவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்திருந்தேன். வீடுகளுக்கு உள்வேலை எடுத்துச் செய்பவர் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். டீ வைத்த மேசை ஆடியது. ஊர்ச்சுவரையெல்லாம் நிமிர்த்தும் அம்மாவுக்கு எங்கள் மேசையைக் கவனிக்க நேரம் கிடையாது. அவர் மரியாதையாகக் குனிந்தார். பழைய செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்து நாலாய் மடித்து, இடக்கையால் மேசைக்காலின் அடியில் திணித்தார்.

வாயருகே கொண்டுபோன டம்ளரை அம்மா குடிக்காமலே கீழே வைத்தாள்.

"பாலத்துக்குப் பக்கத்துல அந்த அடுக்குமாடி, நீங்க செஞ்சதா?"

"ஆமா அத்தை. எப்படித் தெரியும்?"

"கேள்விப்பட்டேன்."

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நான்தான் விடாமல் பின்னால் சுற்றினேன். நல்ல ஆளிடம் தொழில் பழகியிருக்கமாட்டார், நீ சொல்லிக்கொடுத்தால் திருந்திவிடுவார் என்று கெஞ்சினேன்.

"தெரியாத கைன்னா கத்துக்குடுக்கலாம். அவன் சொந்த வீட்டைப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள்.

அவர் வீட்டுச் சுவர் கோணலாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனேன். கல்யாணத்துக்காக இப்படி வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் வீட்டில் அம்மா நலம் விசாரித்த கையோடு பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள். கூடத்து மூலையில் ஒட்டிப் பிடித்தாள். சுவர் மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்த மாதிரி நின்றது. உள்ளங்கையால் தடவினாள். டேப் எங்கே இருக்கிறதென்று அவள் கைக்கே தெரியவில்லை.

"யாரு போட்டது?"

"நானேதான் அத்தை. ஒவ்வொரு பூச்சையும் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன்."

"அப்ப அந்த அடுக்குமாடி?"

அவர் சிரித்தார். "அது ஊரான் வீடுதானே. பெயிண்ட் அடிச்சா யாரு பாக்கப்போறா? நம்ம வீடுன்னா விட்டுருவேனா?"

அம்மா என்னைப் பார்த்தாள். தெரியாதவர், தெரியாதவர் என்று மூன்று நாள் வாதாடிய வாய் எனக்குக் கசந்தது. எதுவும் தெரியாத கையாக இருந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கியிருப்போம். எல்லாம் தெரிந்த அந்தக் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"நானும் இன்னிக்கு வரைக்கும் ஊரான் வீட்டுப் பொண்ணுதாங்க," என்று எழுந்தேன்.

அம்மா டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். வாசல்வரை அவன் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், மேசைக்காலின் அடியிலிருந்த காகிதத்தை உருவி எறிந்தேன். மேசை ஆடியது. ஆடட்டும்.